அனிமேஷன் படங்களில் ஒளிந்திருக்கும் குறிப்புகளையும் சின்னப் பிழைகளையும் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் தெருவால் போகும் ஓட்டோவும் சுவரில் கிழிந்து தொங்கும் நோட்டீசும் தற்செயலாகச் சிக்கிவிடலாம். அனிமேஷன் படத்தில் அப்படி எதுவும் தானாக வந்து நிற்பதில்லை. அலுமாரியில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் யாரோ ஒருவர் இருந்து செய்திருக்கிறார். வேறொரு படத்தையோ ஆளையோ இடத்தையோ நினைவூட்டப் படம் செய்தவர்கள் ஒளித்து வைக்கும் குறிப்புகள் தேடினால் கிடைப்பது அதனால்தான். பிழை இருந்தால் அதுவும் யாரோ ஒருவருடைய கைக்குத் தப்பிய இடம்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் பிள்ளைகளும் பெரியவர்களுமாக நாங்கள் சிலர் கூடியிருந்து இதைச் செய்துவருகிறோம். புதிதாகச் சேருகிறவர்களின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. தடுமாறுவது எல்லாம் ஒழுங்கில்தான். படத்தை முழுதாகப் பார்க்குமுன் நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தொடங்குகிறார்கள், எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்று எழுதுவதில்லை, கண்டது எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

ஓரளவு பெரிய திரை வேண்டும். போன் திரையில் கார் இலக்கத்தகடும் கதவு இலக்கமும் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். மடிக்கணினி போதும்; டிவியில் இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று வேண்டும். ஐந்தாம் படியில் அது இல்லாமல் வேலை நடக்காது.

ஒரு கொப்பியும் பென்சிலும். தட்டச்சுச் செய்து வைப்பது பிறகு. படம் ஓடும்போது கணினியில் இன்னொரு பக்கத்தைத் திறந்தால் கண் அங்கே போய்விடும்.

படத்தின் நல்ல பிரதி ஒன்று. காசு கொடுத்து வாங்கிய புளூ-ரே அல்லது டிவிடி வட்டுத்தான் இந்த வேலைக்கு மிகவும் வசதி, ஏனென்றால் அதில் பிரேம் பிரேமாக, அதாவது படம் உருவாகும் தனித்தனிச் சட்டகங்களில் ஒவ்வொன்றாக, நகரலாம், தரமும் மாறாது. இணையச் சேவையில் பார்ப்பதானால் தரத்தை ‘ஆட்டோ’வில் விடாமல் உயர்ந்த அளவில் நிறுத்தி வையுங்கள். ஊர் முழுக்க இணையத்தில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு வேகம் குறைந்து படம் மங்கும். அந்த மங்கலில் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகத் தெரியும்.

தெருவோரத்தில் மலிவாகக் கிடைக்கும் வட்டு வேண்டாம். சட்டப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும். தியேட்டரில் கமரா வைத்து எடுத்த பிரதியில் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும், நிறம் மாறியிருக்கும், நடுவில் சில விநாடிகள் காணாமலே போயிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘இந்த இடத்தில் காட்சி தாவுகிறது’ என்று எழுதினால், நீங்கள் சொல்வது படத்தைப் பற்றியே அல்ல.

2. முதல் தடவை எதையும் தேடாமல் பாருங்கள்

முழுப் படத்தையும் நிறுத்தாமல், கொப்பி திறக்காமல் பாருங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாவிவிடப் பார்க்கிறார்கள். கதை தெரியாமல் பிழை பிடிக்க முடியாது. ஒரு பாத்திரத்தின் உடை நிறம் மாறுகிறது என்றால், அது கதை கேட்டு மாறியதா, கவனக்குறைவால் மாறியதா என்பதைப் படம் முடிந்த பிறகே சொல்லலாம்.

தியேட்டரில் பார்ப்பதும் இந்தப் படியில் சேரும். வெள்ளவத்தை சவோயிலோ வேறெங்கோ பார்த்தால், பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு வெளியே வந்து எழுதுங்கள். போனை எடுத்துத் திரையைப் படம்பிடிக்க வேண்டாம். அது திருட்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் இடைஞ்சல்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஹொலிவூட் படங்கள் இடைவேளைக்கென்று எழுதப்படுவதில்லை. நமது தியேட்டர்களில் இடைவேளை விடும் இடத்தில் காட்சி சட்டென்று அறும். அந்த வெட்டைப் படத்தின் பிழை என்று எழுதிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

3. எந்தப் பிரதி என்று முதலாவது வரியில் எழுதுங்கள்

இந்தப் படியைச் செய்யாவிட்டால் மற்றவை எல்லாம் வீண். ஒரே பெயரில் பல பிரதிகள் உலாவுகின்றன, அவை ஒன்றாக இருப்பதில்லை.

முதலில் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடு. 2016இல் வந்த ‘ஸூட்டோப்பியா’வில் செய்தி வாசிக்கும் மிருகம் அமெரிக்கப் பிரதியில் மூஸ் மான். சீனாவில் பாண்டா, ஆஸ்திரேலியாவில் கோலா, பிரேசிலில் ஜாகுவார், ஜப்பானில் தனூக்கி. 2015இன் ‘இன்சைட் அவுட்’டில் குழந்தை வெறுத்து ஒதுக்கும் ப்ரொக்கொலி ஜப்பானியப் பிரதியில் பச்சைக் குடைமிளகாயாக மாறியது, அங்கே பிள்ளைகள் வெறுக்கும் மரக்கறி அதுதான் என்பதே காரணம். இரண்டு நண்பர்கள் வேறு வேறு பிரதியைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பிழை சொல்லிக்கொண்டிருந்தால் முடிவே வராது.

அடுத்தது, பின்னாளில் திருத்திய பிரதிகள். 2002இன் ‘லிலோ அண்ட் ஸ்டிச்’சில் லிலோ துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஒளிவாள். பின்னால் இணையச் சேவைக்கு வந்த பிரதியில் அது பீட்ஸா பெட்டி மறைத்த அலுமாரியாகிவிட்டது. பிள்ளைகள் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்ற பயம். 1999இன் ‘டோய் ஸ்டோரி 2’இல் முடிவுப் பெயர்ப் பட்டியலோடு வரும் போலித் தவறுக் காட்சிகளில் ஒன்று 2019இல் வந்த வட்டில் நீக்கப்பட்டது. 2023இல் வந்த ‘அக்ரோஸ் த ஸ்பைடர்-வேர்ஸ்’ தியேட்டரில் ஓடியபோதே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் ஓடியது. சில வசனங்களும் காட்சிகளும் அரங்குக்கு அரங்கு வேறுபட்டன.

மூன்றாவது, சட்டகத்தின் அளவு. பழைய சதுர டிவிக்காக வெட்டிய பிரதிகளில் இரண்டு பக்க ஓரமும் போய்விடும். குறிப்புகள் பெரும்பாலும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். 1998இன் ‘எ பக்ஸ் லைஃப்’ விஷயத்தில் அதைச் செய்த பிக்ஸார் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டுப் பிரதிக்காகப் பாத்திரங்களையே உள்ளே நகர்த்தி வைத்தது. ஒரே காட்சியில் இரண்டு எறும்புகளுக்கு நடுவே உள்ள தூரம் பிரதிக்குப் பிரதி வேறாக இருந்தால் இப்போது காரணம் தெரியும். தொலைக்காட்சியில் பதிவுசெய்த பிரதியில் இன்னொரு தொல்லை: நிலையத்தின் சின்னம் ஒரு மூலையை மறைத்துக்கொண்டிருக்கும், விளம்பரத்துக்காகக் காட்சியும் வெட்டுப்படும்.

நான்காவது, நேரம். படம் விநாடிக்கு 24 பிரேம். நமது நாட்டில் வழக்கமான பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிடியில் அது பெரும்பாலும் 25ஆக ஓடும். அதாவது முழுப் படமும் 4 சதவீதம் வேகம் கூடி ஓடுகிறது. புளூ-ரேயில் 60ஆவது நிமிடத்தில் வரும் காட்சி பால் டிவிடியில் 57 நிமிடம் 36 விநாடியில் வந்துவிடும். நீங்கள் எழுதிய நேரத்தில் மற்றவர் தேடிப் பார்த்து ‘ஒன்றும் இல்லையே’ என்று சொன்னால், பாதித் தடவை இதுதான் காரணம். டிவிடி நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் புளூ-ரே நேரம் கிடைக்கும்.

ஆகவே கொப்பியின் முதல் வரியில் படத்தின் பெயர், வந்த ஆண்டு, வட்டா சேவையா, எந்த மொழி ஒலி, மொத்த ஓட்ட நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மொத்த ஓட்ட நேரம் இருந்தால் மற்றவர் தன் பிரதியோடு உடனே ஒப்பிட்டுக்கொள்வார்.

4. இரண்டாவது தடவை: கதாநாயகனைப் பார்க்காதீர்கள்

இப்போதுதான் தேடல். படத்தைச் செய்பவர்கள் நமது கண்ணைப் பேசுகிறவர் முகத்துக்கு இழுக்கிறார்கள். ஒளிப்பவர்களும் அதை நம்பித்தான் மற்ற இடங்களில் ஒளிக்கிறார்கள். ஆகவே பேசுகிறவரை விட்டுவிட்டு நான்கு மூலைகளையும் பின்னணியையும் வடிவாகப் பாருங்கள்.

இலக்கங்கள் முதலில். வாகனத் தகடு, அறைக் கதவு, கமரா, ரயில் பெட்டி, எதில் எழுத்தும் இலக்கமும் இருந்தாலும் எழுதுங்கள். ஏ113 என்பது கலிபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் அனிமேஷன் மாணவர்கள் படித்த வகுப்பறையின் இலக்கம். பிக்ஸார் இயக்குநர்களான ஜோன் லசட்டரும் பிராட் பேர்டும் அங்கே படித்தவர்கள்; அந்த நினைவாகத்தான் அது படங்களில் ஒளிந்திருக்கிறது. 1995இன் ‘டோய் ஸ்டோரி’யில் பொம்மைகளின் சொந்தக்காரச் சிறுவன் அன்டியின் தாயாருடைய வாகனத் தகட்டில் அது இருக்கிறது. ‘ஃபைண்டிங் நீமோ’வில் சுழியோடியின் கமராவில், ‘வால்-ஈ’யில் கப்பலுக்கு வந்த இரகசியக் கட்டளையின் பெயராகவே, ‘அப்’பில் நீதிமன்ற அறைக்கு. ‘ப்ரேவ்’ நடப்பது பழைய ஸ்கொட்லாந்தில் என்பதால் அங்கே சூனியக்காரியின் வீட்டில் 113 ரோம இலக்கத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருந்தால், எழுத்து வடிவம் மாறினாலும் கண் தப்பவிடாது.

அடுத்து அலுமாரிகள். ‘டோய் ஸ்டோரி’யில் நாயகப் பொம்மை வுடி மற்றப் பொம்மைகளைக் கூட்டிவைத்துப் பேசும்போது அவன் பின்னால் இருக்கும் புத்தகங்களின் முதுகில் ‘டின் டோய்’, ‘ரெட்ஸ் ட்ரீம்’, ‘நிக் நாக்’ என்று இருக்கும். மூன்றும் பிக்ஸார் 1987க்கும் 1989க்கும் இடையில் செய்த குறும்படங்கள்.

கூட்டம் வரும் காட்சிகளை மெதுவாக ஓடவிடுங்கள். 2013இன் ‘ஃபுரோசன்’ படத்தில் முடிசூட்டு நாளன்று கோட்டைக் கதவு திறந்ததும் உள்ளே வருகிறவர்களில் 2010இன் ‘டாங்கிள்ட்’ நாயகி ரப்பன்சல், வெட்டிய கபிலக் கூந்தலோடு நடந்துபோகிறாள். பின்பக்கம்தான் தெரியும், ஒன்றிரண்டு விநாடிதான். 1996இன் ‘நோட்ர டாம்’ படத்தில் பாரிஸ் தெருவில் புத்தகம் வாசித்துக்கொண்டு போகும் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ நாயகி பெல்லும் இதே வகை.

பிள்ளைகளின் அறை வந்தால் நின்று நிதானமாகப் பாருங்கள். பொம்மைகள் குவிந்திருக்கும் இடத்தில் இன்னொரு பொம்மையை வைப்பது இலகு. ‘டோய் ஸ்டோரி 3’இல் சிறுமி பொனியின் பொம்மைகளோடு டொட்டோரோ உட்கார்ந்திருப்பது அப்படித்தான். ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியசாகியின் 1988ஆம் ஆண்டுப் படத்தில் வந்த பாத்திரம் அது. லசட்டர் அவருடைய நெருங்கிய நண்பர்.

முடிவுப் பெயர்ப் பட்டியலையும் கடைசிவரை பாருங்கள். நமது ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

5. மூன்றாவது தடவை: ஓசையை மட்டும் கேளுங்கள்

ஹெட்போனை மாட்டி, திரையை அணைத்து அல்லது கண்ணை மூடிக் கேளுங்கள். முழுப் படத்துக்கும் தேவையில்லை. சண்டை, விழுதல், கூட்டம், பின்னணி வானொலி உள்ள காட்சிகள் போதும். படத்தோடு சேர்த்துக் கேட்டால் காது சோம்பிவிடும்.

வில்ஹெல்ம் அலறல் என்று ஒன்று உண்டு. 1951இல் ஒரு அமெரிக்கப் படத்துக்காகப் பதிவுசெய்த ஒரு மனிதனின் கத்தல். ‘ஸ்டார் வார்ஸ்’ ஒலி வடிவமைப்பாளர் பென் பேர்ட் அதை எடுத்துப் பயன்படுத்திய பிறகு, ஒலிக்கலைஞர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் சைகையாகவே அது மாறிவிட்டது. ‘டோய் ஸ்டோரி’யில் பஸ் என்ற விண்வெளி வீரப் பொம்மை யன்னலால் விழும்போது கேட்கும். ஒரு முறை காதில் பிடிபட்டால் பிறகு எங்கே வந்தாலும் தெரியும்.

தமிழில் பார்ப்பவர்கள் இந்தப் படியில் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். தமிழ்நாட்டில் ஒலிச்சேர்க்கை செய்து வரும் பிரதிகளில் வசனத்தையே நமக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிறார்கள். 2019இல் வந்த ‘ஃபுரோசன் 2’இல் எல்சாவுக்கு சுருதி ஹாசன் குரல் கொடுத்தார். அதே ஆண்டு ‘த லயன் கிங்’கில் டிமோனுக்கு சிங்கம்புலி, பும்பாவுக்கு ரோபோ சங்கர். இப்படி நகைச்சுவை நடிகர்கள் பேசும்போது ஒரு தமிழ்ப் பட வசனத்தின் வாடை அடித்தால், அது அந்தத் தமிழ் வசனகர்த்தா வைத்த குறிப்பு. கலிபோர்னியாவில் யாரும் வைத்ததில்லை. இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களமாக்கிய கார்ட்டூன்களோடு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல, அங்கேயும் பகிடி பாதி நமது ஊர்ப் பகிடிதான்.

இவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். என்னைக் கேட்டால், நாம் எழுதவேண்டியதே இவற்றைத்தான். ஏ113ஐப் பற்றி உலகம் முழுக்க எழுதிவிட்டார்கள். தமிழ்ப் பிரதிக்குள் ஒளிந்திருப்பதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஆனால் கொப்பியில் ‘தமிழ் ஒலி’ என்று தனிப் பக்கம் வைத்து, மூல மொழியில் அதே இடத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

6. இப்போது பிரேம் பிரேமாகப் போகலாம்

கணினியில் விஎல்சி செயலியில் படம் நிற்கும்போது ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தை அழுத்தினால் ஒரு பிரேம் முன்னே போகும். பின்னே போகும் வசதி அதில் வழக்கமாக இல்லை. ஆகவே தேடும் இடத்துக்கு இரண்டு மூன்று விநாடி முன்னாலேயே நிறுத்தித் தொடங்குங்கள். எம்பிவி செயலியில் முற்றுப்புள்ளி விசை முன்னே, காற்புள்ளி விசை பின்னே. யூடியூப்பில் உள்ள முன்னோட்டங்களுக்கும், நிறுத்தி வைத்த பிறகு, இதே இரண்டு விசைகள்தான்.

இணையச் சேவைகளில் திரையைப் படமெடுக்கப் போனால் பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும். அதை உடைக்க வழி தேடவேண்டாம். நேரத்தை எழுதி, பொருள் இருந்த இடத்தைக் கொப்பியில் ஒரு சின்னச் சதுரம் போட்டு வரைந்துகொள்ளுங்கள். வரைந்து வைத்தது பல நேரம் படத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

முழுப் படத்தையும் இப்படிப் பார்க்க நினைக்காதீர்கள். 80 நிமிடப் படம் என்றாலே ஒரு லட்சத்துப் பதினையாயிரம் பிரேமுக்கு மேல். முந்திய படிகளில் குறித்த இடங்களை மட்டும் பாருங்கள்.

புதியவர்கள் மிகக் கூடுதலாகத் தடுக்குவது இங்கேதான். எங்கள் குழுவில் ஒரு பையன் கெதியாக ஓடும் ஒரு காட்சியை நிறுத்திவிட்டு, “அக்கா, பாருங்கோ, முகம் ரெண்டாப் போச்சு, கை நாலு இருக்கு” என்று கத்தினான். கை நாலு இருந்தது உண்மை. அதன் பெயர் ஸ்மியர். வேகமான அசைவில் கண்ணுக்கு இழுபடுவதுபோலத் தெரிவதற்காக ஒரு பிரேமில் உருவத்தை நீட்டியோ இரண்டு மூன்றாகவோ வரைவார்கள். சக் ஜோன்ஸின் 1942ஆம் ஆண்டு ‘த டோவர் பாய்ஸ்’ குறும்படம் இதற்குப் பேர்போனது. படத்தைத் திரும்ப ஓடவிட்டபோது அவனுக்கே அது சரியான ஓட்டமாகத் தெரிந்தது. விதி இதுதான்: நிறுத்தினால் மட்டும் தெரிகிற விகாரத்தை உடனே பிழை என்று எழுதாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் ஐந்து பிரேம் பார்த்துவிட்டு, பிறகு வழமையான வேகத்திலும் ஓடவிட்டுப் பாருங்கள்.

7. பிழையா, வேண்டுமென்றே செய்ததா?

கொப்பியில் ‘பிழை’ என்று எழுதிய ஒவ்வொன்றையும் இப்போது வடிகட்டவேண்டும். பாதிக்கு மேல் இங்கே கழன்றுவிடும். கழலட்டும்.

முதலில் கார்ட்டூனின் வழக்கங்கள். மிக்கி மவுஸுக்குக் கையில் நான்கு விரல்தான். வரைவது இலகு, பார்க்கவும் வடிவு என்று தொடங்கி வழக்கமாகிவிட்டது. எல்லா நாளும் ஒரே சட்டை போடுவதும் அப்படியே.

அடுத்து பாணி. 2018இன் ‘இன்டு த ஸ்பைடர்-வேர்ஸ்’ படத்தில் புதிதாக ஸ்பைடர்-மேன் ஆன மைல்ஸ் பல காட்சிகளில் தடுக்கித் தடுக்கி அசைவான், பக்கத்தில் பழகிய ஸ்பைடர்-மேன் பீட்டர் வழுக்கிக்கொண்டு போவான். மைல்ஸின் அசைவை இரண்டு பிரேமுக்கு ஒரு முறையும் பீட்டரின் அசைவை ஒவ்வொரு பிரேமுக்கும் செய்ததன் விளைவு அது. மைல்ஸ் இன்னும் பழகவில்லை என்று காட்டுகிறது. அதே படத்தில் தூரத்துப் பொருட்களின் நிறம் விளிம்பை விட்டு விலகி நிற்பது பழைய காமிக்ஸ் அச்சைப்போல இருக்கட்டும் என்பதற்காக. ‘இணையம் தடங்குகிறது’, ‘3டி கண்ணாடி தேவையோ’ என்று கேட்டவர்கள் எங்களிடம் உண்டு.

மூன்றாவது சிக்கனம். 1991இன் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ கடைசி நடனத்தின் அசைவுகள் 1959இன் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யிலிருந்து எடுத்தவை. நேரம் போதவில்லை. 1973இன் ‘ரொபின் ஹூட்’ நடனக் காட்சியிலும் முந்திய படங்களின் அசைவுகளே திரும்ப வருகின்றன. இவற்றைக் குறித்து வைப்பது நல்லதுதான், ஆனால் தலைப்பு ‘மறுபயன்பாடு’.

நான்காவது, கதைக் கேள்விகள். தன்னைப் பொம்மை என்றே நம்பாத பஸ், மனிதர்கள் வந்ததும் ஏன் பொம்மைபோல் உறைந்து நிற்கிறான்? நல்ல கேள்வி. ஆனால் அது எழுதியவர்களிடம் கேட்கவேண்டியது; வரைந்தவர்களின் கையில் தவறில்லை. தனிப் பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பட்டியல் முழுக்க வாதமாகிவிடும்.

மிஞ்சி நிற்பவைதான் உண்மையான பிழைகள். அவற்றைப் பிடிக்க ஒரு உறுதியான முறை உண்டு. இருவர் பேசும் காட்சியில் கமரா ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய், மீண்டும் முதலாமவரிடம் வரும். போகும்போது இருந்த கடைசிப் பிரேமையும் திரும்பி வந்த முதல் பிரேமையும் ஒப்பிடுங்கள். கோப்பையில் தேநீர் மட்டம், மெழுகுதிரியின் உயரம், சுவர்க் கடிகாரம், சட்டைக் கை மடித்திருந்ததா, கதவு திறந்திருந்ததா, பொருள் வலக் கையிலா இடக் கையிலா. ஒவ்வொரு ஷொட்டையும் வேறு வேறு ஆட்கள் செய்வதால் தையல் பிரிவது இந்த இடத்தில்தான்.

கணினியில் செய்த படத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவுதல். ‘ஃபுரோசன்’ படத்தில் எல்சா பனி மலையில் பாடிக்கொண்டே பின்னலை இடத் தோளுக்கு முன்னால் இழுத்துவிடும் இடத்தைப் பிரேம் பிரேமாகப் பாருங்கள். பின்னல் கையைச் சுற்றி வராமல் கைக்குள்ளாலேயே போய்விடுகிறது. கணினிக்குக் கூந்தலும் கையும் வெறும் இரண்டு பரப்புகள். அவை மோதினால் ஒன்றையொன்று தள்ளவேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லாவிட்டால் ஊடாகப் போய்விடும். கழுத்துப் பட்டி, தோளில் தொங்கும் பை, நீளப் பாவாடை, தாடி ஆகியவற்றில் இதே கண்ணோடு தேடுங்கள்.

கையால் வரைந்த பழைய படங்களில் தேடவேண்டியது வேறு. ஒரு பிரேமுக்கு மட்டும் சட்டை நிறம் மாறிப் போவது, முன்னால் இருக்கவேண்டிய கை மேசைக்குப் பின்னால் போவது போன்றவை. உருவங்களை வரைந்த கண்ணாடிபோன்ற செலுலாய்ட் தாள்களை அடுக்கும் வரிசை மாறினால் அப்படி வரும். 1937இன் ‘ஸ்னோ வைட்’ முடிவில் இளவரசன் கண்ணாடிப் பேழை அருகே வரும்போது அவன் உருவம் நடுங்குவது பேர்போன பிழை. திருத்தக் காசு செலவாகும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பழைய படங்களைப் பிறகு சுத்தம் செய்து வெளியிடும்போது இப்படியானவை மாறலாம். மூன்றாம் படி இங்கே திரும்பவும் தேவைப்படும்.

8. குறிப்பா, தற்செயலா?

மூன்று வட்டத்தைக் கண்டால் மிக்கியின் தலை, 101 என்று ஒரு கதவில் கண்டால் ‘101 டல்மேஷன்ஸ்’ படத்து நாய்கள் என்று மனம் பாய்கிறது. கொழும்பின் காலி வீதியில் நாள் முழுக்க 101 இலக்க பஸ் ஓடுகிறது, அதை யாரும் குறிப்பு என்று சொல்வதில்லை. ஒரு அடையாளம் மட்டும் போதாது. இரண்டாவது சாட்சி வேண்டும்.

சாட்சி தேடுவது எப்படி என்று ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். ‘டோய் ஸ்டோரி’யில் பொம்மைகளைச் சிதைக்கும் அயல்வீட்டுப் பையன் சிட்டின் அறை. வுடி கவிழ்த்த பிளாஸ்டிக் கூடைக்குள் சிக்கியிருக்கிறான். கூடை நகராதபடி அதன் மேல் ஒரு ஆயுதப் பெட்டி, அதாவது சுத்தியல், குறடு போன்ற கருவிகள் வைக்கும் பெட்டி. பெட்டியின் பக்கத்தில் ‘பின்ஃபோர்ட்’ என்று எழுதியிருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் கடையின் பெயர் என்று கடந்துவிடுவோம்.

முதல் கேள்வி: எழுத்து ஐயமில்லாமல் வாசிக்க முடிகிறதா? முடிகிறது. இரண்டாவது: படத்துக்கு முன்னாலேயே அந்தப் பெயர் எங்காவது இருந்ததா? 1991 முதல் 1999 வரை ஓடிய ‘ஹோம் இம்ப்ரூவ்மன்ட்’ என்ற அமெரிக்கத் தொடரில் பின்ஃபோர்ட் என்பது இப்படியான கருவிகள் செய்யும் கற்பனைக் கம்பனி. ஆண்டு பொருந்துகிறது. மூன்றாவது: இந்தப் படத்துக்கும் அந்தத் தொடருக்கும் தொடர்பு உண்டா? தொடரின் நாயகன் டிம் அலன். பஸ்ஸுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. நான்காவது: வேறு சாதாரண விளக்கம் உண்டா? உண்மையில் இல்லாத ஒரு கம்பனியின் பெயர், அதுவும் ஆயுதப் பெட்டியிலேயே, தற்செயலாக வராது. இதை உறுதி என்று எழுதலாம்.

‘ரெக்-இட் ரால்ஃப்’ (2012) படத்தில் கிங் கண்டி இரகசிய அறைக் கதவைத் திறக்க அழுத்தும் வரிசையும் இப்படி நிற்கும்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, ஸ்டார்ட். கொனாமி நிறுவன விளையாட்டுகளில் வந்த குறுக்குவழி அது. அத்தனை விசைகள் அதே வரிசையில் வந்த பிறகு வேறு சாட்சி தேவையில்லை.

ஆண்டைச் சரிபார்க்கும்போது ஒரு விலக்கை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் படத்தை முன்னால் வந்த படம் காட்ட முடியாது என்று பலர் அடித்துவிடுகிறார்கள். ஒரே நிறுவனத்துக்குள் முடியும், ஏனென்றால் ஒரு படம் செய்யப் பல ஆண்டுகள் எடுக்கும், அடுத்த படத்தின் ஆட்கள் பக்கத்து அறையில் இருப்பார்கள். 2001இன் ‘மொன்ஸ்டர்ஸ் இங்க்’ படத்தில் பூ என்ற சிறுமி கையில் எடுக்கும் மீன் பொம்மை நீமோ. அவனுடைய படம் வந்தது 2003இல். 2009இன் ‘அப்’பில் வீடு பறந்து போகும்போது ஒரு சிறுமியின் அறையில் லொட்ஸோ கரடிப் பொம்மை இருக்கிறது, அது பாத்திரமாக வரும் ‘டோய் ஸ்டோரி 3’ அடுத்த ஆண்டுதான் வந்தது. வேறு நிறுவனத்தின் படம் என்றால் மட்டும் ஆண்டை வைத்து அடியுங்கள்.

ஊழியர்களுக்குள்ளான சங்கதியையும் பிரித்து வையுங்கள். ‘டோய் ஸ்டோரி’யில் வீடு மாற்ற வரும் லொறியில் ‘எக்மன்’ என்று இருப்பது கலை இயக்குநர் ரால்ஃப் எகிள்ஸ்டனுக்காக. வெளி உலகத்துக் கலாசாரத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

9. எழுதும் முறை

ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் போடுங்கள்: உறுதி, நம்பலாம், ஊகம். இயக்குநரோ கலைஞரோ வட்டில் உள்ள விளக்க ஒலியிலோ பேட்டியிலோ சொல்லியிருந்தால், அல்லது இரண்டு தனித்தனிச் சாட்சி இருந்தால் உறுதி. ஒன்று மட்டும் இருந்தால் நம்பலாம். மற்றது ஊகம். ஊகத்தை எழுதுவதில் வெட்கமில்லை. அதை உறுதி என்று எழுதுவதில்தான் கேடு.

‘எல்சாவின் முடி பிழை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: ‘ஃபுரோசன், 2013. புளூ-ரே, ஆங்கில ஒலி, மொத்த நேரம் இவ்வளவு. மலைப் பாட்டு, பின்னலை முன்னால் இழுக்கும் ஷொட். இன்ன நேரம் தொடக்கம். பின்னல் இடக் கையின் ஊடாகப் போகிறது. வழமையான வேகத்தில் கவனித்தால் மட்டும் தெரியும். தரம்: உறுதி, பிழை.’ படிக்கிறவர் ஒரு நிமிடத்தில் போய்ப் பார்த்துவிடலாம்.

பிறகு கொப்பியை இன்னொருவரிடம் கொடுங்கள். என்ன இருக்கிறது என்று சொல்லாமல், நேரத்தை மட்டும் சொல்லி, “என்ன தெரியுது?” என்று கேளுங்கள். நீங்கள் சொன்ன பிறகு பார்த்தால் எவருக்கும் தெரியும். சொல்லாமலே அவரும் அதையே சொன்னால் அந்தக் குறிப்பு நிற்கும். எங்கள் குழுவில் இந்தச் சோதனைக்கு வீட்டில் உள்ள அப்பம்மா, அம்மம்மாமாரைத்தான் பிடிக்கிறோம். படத்தைப் பற்றி முன்கூட்டி ஒன்றும் தெரியாது, கண்டதை அப்படியே சொல்வார்கள்.

10. எந்தப் படத்தில் தொடங்குவது

புதுப் படத்தில் தொடங்காதீர்கள். உறுதியான குறிப்புகள் ஏற்கெனவே தெரிந்த ஒரு படத்தில் கண்ணைப் பழக்குங்கள். 1995இன் ‘டோய் ஸ்டோரி’ இதற்கு மிகப் பொருத்தம்: 81 நிமிடம்தான், மேலே சொன்ன வாகனத் தகடு, புத்தக முதுகுகள், ஆயுதப் பெட்டி, லொறி, அலறல் ஐந்தும் அதில் உண்டு. விடை தெரிந்த இந்த ஐந்தையும் நேரத்தோடு நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள். ஐந்தும் கைக்கு வந்த பிறகு, தமிழ் ஒலியோடு வந்த ஒரு படத்தை எடுத்து ஐந்தாம் படியிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.